ரோஷக்காரக் குடலும் ரெண்டு சிவப்பு அட்டையும்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'எக்ஸ்பிரஸ்' என்றால்தான் திரும்புவாள். காலர் தைக்கிற வேகத்துக்கு வைத்த பேர் என்று புதுசாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது கக்கூஸுக்குப் போகிற வேகம் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

வயிறு அவளுடையதுதான், ஆனால் அவள் பேச்சைக் கேட்காது. நாலு நாள் சாதுவாகக் கிடக்கும். ஐந்தாம் நாள் யாராவது முறைத்தால் போதும், ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி உள்ளே முறுக்கும். டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "புண்ணும் இல்ல, கட்டியும் இல்லம்மா. உங்க குடல் கொஞ்சம் ரோஷக்காரக் குடல். பாலை விடுங்க, பயத்தை விடுங்க" என்றார். பாலை விட்டாள். பயத்தை எங்கே கொண்டுபோய் விடுவது என்று அவர் எழுதித் தரவில்லை.

மாமியாருக்கு அது வசதியாகப் போயிற்று. "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. நடிப்புக்கு மருந்து எழுத அவர் என்ன பைத்தியமா?"

மதியத்துக்கு வெறும் சோறு, பையின் அடியில் ஒரு மாற்றுத்துணி. பஸ் ஸ்டாப்பிலிருந்து கம்பெனி வரை எந்தக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் உண்டு, எதில் தண்ணீர் வராது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இப்படித்தான் ஏழு வருஷம் ஓட்டினாள்.

புது சூப்பர்வைசர் வந்தபிறகுதான் ஓடவில்லை. கழுத்தில் விசில் தொங்கியதால் அவர் பேரே விசில். வந்த வாரமே ஒரு சட்டம் போட்டார். நாற்பது பேருக்கு ஒரே ஒரு சிவப்புத் துணி அட்டை, சுவர்க் கொக்கியில் தொங்கும். அதை மாட்டிக்கொண்டுதான் எழுந்து போகலாம். மாட்டாமல் எழுந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியே.

அட்டை வேறொருத்தி கழுத்தில் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, எக்ஸ்பிரஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பதினேழு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டாவது நிமிஷம் மாற்றுத்துணி வேலைக்கு வந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மிச்சத் துணியில் இரண்டாவது அட்டை தைத்தாள். இடுப்பில் செருகி வைத்து, எழுந்ததும் கழுத்தில் மாட்டிக்கொண்டு எட்டு நாள் ராணி மாதிரி போய்வந்தாள்.

ஒன்பதாம் நாள் பிடிபட்டாள். திரும்பி வரும்போது பட்டன் தைக்கும் அக்கா எதிரே போனாள். இரண்டு கழுத்து, இரண்டு சிவப்பு அட்டை. விசில் ஊதிய ஊதலில் மெஷின்கள் நின்றன.

இரண்டையும் பிடுங்கி மேஜைமேல் வைத்துப் பார்த்தார். ஒன்றின் தையல் நூல் பிடித்ததுபோல நேர். இன்னொன்று குடிகாரன் நடந்த தடம்.

கோணலைத் தூக்கிக் காட்டினார். "இதான் போலி! நம்ம கம்பெனி அட்டை இவ்வளவு கேவலமாவா இருக்கும்? எவ தச்சா இதை?"

பட்டன் அக்கா பவ்யமாகச் சொன்னாள். "நீங்கதான் சார் தச்சீங்க. முதல் நாளே."

பின்வரிசையில் யாரோ தும்மினார்கள். அது தும்மல் இல்லை.

விசிலின் காது சிவந்தது. "நாலு மணி வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது!" இரண்டு அட்டையும் அவர் பாக்கெட்டுக்குள் போயின.

மணி இரண்டரை. எக்ஸ்பிரஸின் வயிற்றில் முறுக்கு ஆரம்பித்துவிட்டது. மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டாள். நாலு காலர் தைத்தாள். நெற்றி வேர்வை துணியில் சொட்டியது. செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. எழுந்தாள்.

"உக்காரு! நாளைக்கு கேட்டுக்கு வெளியதான் நிப்ப!"

"நிக்கிறேன் சார். வயிறுதான் நிக்காது."

போய்விட்டாள்.

காலர் இல்லாமல் அடுத்த மெஷின் ஓடாது. துணி குவிந்தது. ஐந்து மணிக்கு லாரி வரும். வேறு வழியில்லாமல் விசிலே அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் முகம் கழுவித் திரும்பியபோது, செக்கிங் மேடம் பதினொரு காலரைக் கையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். "இதை மனுஷன் தச்சானா? யாரு?"

வரிசை முழுக்கக் குனிந்து நூல் வெட்டியது. விசில் கூரையில் மின்விசிறியை எண்ணினார்.

"குடுங்க மேடம், பிரிச்சுத் தச்சுத் தரேன்" என்றாள் எக்ஸ்பிரஸ். மேடம் நகர்ந்ததும் விசிலிடம் உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் நேர்த் தையல் அட்டையை எடுத்து வைத்தார். அவள் கை மடங்கவில்லை.

"ரெண்டும், சார்."

"திமிரு."

"ஆமா சார். லாரி அஞ்சு மணிக்கு."

கடிக்கிற நாய்க்குச் சோறு வைப்பவர்போல, எட்ட நின்றே இரண்டாவதையும் போட்டார். அவள் இரண்டையும் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து, கோணல் காலரை ஒவ்வொன்றாகப் பிரிக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் கேட் திறந்துதான் இருந்தது. விசில் மட்டும் காலையிலிருந்தே இரண்டு மடங்கு ஊதினார். கொக்கியில் இரண்டு அட்டையும் தொங்கின. அவசரமில்லாத நேரத்தில் எக்ஸ்பிரஸ் கோணலைத்தான் எடுப்பாள், அவர் கண்ணில் படுகிற மாதிரி மெதுவாக நடந்து போவாள்.