பதினாறு வீசை வெல்லம்

என் எடையை முதன்முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் என் தாய்மாமன். தப்பாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன தோரணையில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது.

எட்டு வயதில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து நாற்பது நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். நான் பிழைத்து எழுந்தால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். பிழைத்தேன். அப்பா அந்த வாரமே கோயிலுக்கு வண்டி கட்டத் தயாராக இருந்தார். அம்மாதான் விடவில்லை.

"எலும்ப நிறுத்துக் குடுத்தா சாமிக்கு என்னங்க கெடைக்கும்? புள்ளை கொஞ்சம் சதை போடட்டுமுங்க" என்றாள்.

அதன்பிறகு ஒரு வருஷம் என்னைத் தின்ன வைப்பதே அவளுக்கு வேலை. முட்டை, நெய், எள்ளுருண்டை என்று எது கையில் கிடைத்தாலும் என் வாயில் வந்து சேர்ந்தது. நானும் முருகனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மறுக்காமல் தின்றேன்.

வருஷம் முடிந்ததும் எவ்வளவு வெல்லம் வாங்குவது என்ற கேள்வி வந்தது. பக்கத்து மிளகாய் மண்டியில் பெரிய தராசு இருந்தது. என்னை அதில் உட்கார்த்தியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. "மொளகா நிறுத்தற தராசுல புள்ளைய ஒக்காத்தறதா? கண்ணு பட்டு எளைச்சுப் போயிருமுங்க" என்று அம்மா மறித்துவிட்டாள். சாமி முன்னால்தான் நான் தட்டில் ஏற வேண்டும், அதற்கு முன் கூடாது.

இந்த நேரத்தில்தான் மாமா வந்தார். அவர் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர். துரையிடம் இங்கிலீஷில் பேசுகிறவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு மெஷின்மேல் நிறுத்தி எடை பார்த்துக் கொண்டுவந்தார். அது நிற்கிற மெஷின், உட்கார்கிற தராசு இல்லை என்று அவர் விளக்கியதும் அம்மா அடங்கிப் போனாள். டாக்டர் கொடுத்த சீட்டில் நாலு ஸ்டோன், ஆறு பவுண்டு என்று எழுதியிருந்தது.

வீசையும் மணங்கும் மட்டுமே அறிந்த அப்பா, "ஸ்டோன்னா என்னங்க மச்சான்?" என்று கேட்டார்.

மாமா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பத்துப் பவுண்டு ஒரு ஸ்டோனுங்க மாப்பிள்ளை. இப்ப காசு, கிலோ எல்லாத்தையும் சர்க்காரே பத்துப் பத்தா மாத்திருச்சில்லீங்க? அதெல்லாம் வெள்ளைக்காரங்கிட்டக் கத்துக்கிட்டதுதானுங்க."

ஆக நாற்பத்தாறு பவுண்டு. மூன்று பவுண்டு ஒரு வீசை என்று வகுத்தால் பதினைந்து சொச்சம். சாமி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று மாமா பதினாறாக்கினார்.

பதினாறு வீசை உருண்டை வெல்லமும் ஒரு வாரம் முன்பே வந்து உள்ளறையில் மூட்டையாக உட்கார்ந்தது. சாமிக்கு வந்ததைத் தொடக் கூடாது என்று அம்மா எச்சரித்தாள். நான் தொட்டேன். தினம் ஓர் உருண்டை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும்.

கோயிலில் தராசைக் கட்டி, மாலை போட்டு, ஒரு தட்டில் என்னை உட்கார வைத்தார்கள். எதிர்த்தட்டில் பூசாரி வெல்லத்தை எடுத்து எடுத்து அடுக்கினார். சாக்கு காலியாயிற்று. என் தட்டு தரையைவிட்டு அசையவில்லை. பூசாரி சாக்கை உதறிப் பார்த்தார். தூசியும் ஓர் எறும்பும்தான் விழுந்தன.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "கொறைச்சுக் குடுத்தா சாமி ஏத்துக்குவாருங்களா? குடுத்ததத் திரும்ப எடுத்துக்குவாரு" என்று அத்தை அப்பாவிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. முருகன் எனக்குக் கொடுத்தது உயிர். தவறு எங்கே என்று எனக்கல்லவா தெரியும்? நான் தின்ற வெல்லம் அந்தத் தட்டில் குறைந்ததோடு நிற்கவில்லை, இந்தத் தட்டில் கூடியும் இருந்தது. அப்படி யோசிக்க யோசிக்க என் எடை இன்னும் ஏறுவதுபோல இருந்தது.

"நாந்தான் தின்னுட்டேன்!" என்று தட்டில் இருந்தபடியே ஓவென்று அழுதேன்.

வேர்த்துப் போய் நின்ற மாமாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "பாத்தீங்களா மாப்பிள்ளை? எங்கணக்குல தப்பு வருமுங்களா?" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

அப்பா கடைவீதிக்கு ஓடி மேலும் நாலரை வீசை வாங்கி வந்த பிறகே என் தட்டு எழும்பியது. ஏழு நாளில் நாலரை வீசை வெல்லம் தின்றவள் என்ற பெயர் அன்று எனக்கு வந்தது. சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் வெல்லப்பானையை உள்ளே தூக்கி வைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பள்ளிக்கூட நோட்டின் பின்னட்டையில், பதினான்கு பவுண்டு ஒரு ஸ்டோன் என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். நோட்டோடு ஓடிப்போய் மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது பழைய நோட்டு அம்மிணி" என்றார்.

மாமா கதை அதோடு முடிந்தது. அன்றைய அம்மாதான் வெகுகாலம் எனக்குப் பிடிபடாமல் இருந்தாள். தட்டு எழும்பாமல் எல்லோரும் பதறி நின்றபோது அவள் மட்டும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள், நடுநடுவே சிரித்தாள். வெல்லம் போனதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பும்போது வண்டியில், "இனிமே திங்கமாட்டேம்மா" என்று சத்தியம் செய்தேன்.

அவள் என்னைத் தூக்கி மடியில் வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, பிரசாத வெல்லத்தில் பெரிய உருண்டையாக ஒன்றை எடுத்து என் வாயில் திணித்தாள். திருடி மாட்டிக்கொண்டவளுக்கு எதற்கு மேலும் வெல்லம் என்று எனக்கு விளங்கவே இல்லை. அவள் மனசு மாறுவதற்குள் அவசர அவசரமாக மென்று விழுங்கினேன்.