தீவனக் கிடங்கின் கதவு

விநாசித்தம்பியின் தகப்பனார் ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். அண்ணன்மார் இருவருக்கும் அரசாங்க உத்தியோகம். டத்தோ கிராமாட்டில் இருந்த அந்த வீட்டுக்குள் மாலையில் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நுழைந்தவர் விநாசித்தம்பி ஒருவர்தான். பரீட்சையில் தேறாததால்தான் பட்டறைக்குப் போனார் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அது உண்மையல்ல. அவர் தேறினார். ஒரு வருடம் குமாஸ்தா வேலையும் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, விட்டுவிட்டார்.

1986-ல் அவருக்கு நாற்பத்தைந்து வயது. தினமும் மோட்டார் சைக்கிளோடு பெர்ரிக் கப்பல் ஏறி, அக்கரையில் பட்டர்வொர்த் போய், மாக் மண்டினில் ஜெயராஜின் பட்டறையில் வேலை செய்தார். தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் மோட்டாரில் ஓடும் ஷட்டர் கதவு செய்து மாட்டுகிற பட்டறை அது. ஜெயராஜ் வயதில் பத்து வருடம் இளையவர். முதலாளியாக இருந்தும் இவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்.

மேலே சுருண்டு ஏறும் கதவு எங்கே நிற்க வேண்டும் என்பதை மோட்டாருக்கு ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். பழைய கதவுகளில் அதற்கு ஒரு திருகாணித் தண்டு இருந்தது. கதவு ஏற ஏற அதில் ஒரு மரை நகர்ந்து போய், கடைசியில் ஒரு சுவிட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்தும். அதைச் சரிசெய்ய அரை நாள் ஆகும். அந்த வருடம் ஜெயராஜ் புதுவகைச் சாமான் வாங்கி வந்தார். மோட்டாரின் வால் பக்கம் காந்தம் பதித்த ஒரு வட்டத் தகடு. அதன் எதிரே சுண்டுவிரல் அளவில் ஒரு சென்சார். காந்தம் கடக்கிற ஒவ்வொரு முறையும் சென்சார் ஒரு துடிப்பை அனுப்பும். சுவரில் உள்ள பெட்டி அதை எண்ணும். எண்ணிக்கையை வைத்துக் கதவு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பெட்டி தெரிந்துகொள்ளும்.

விநாசித்தம்பிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தகட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே ரம்பத் தகடு ஒன்று நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி விட வேண்டும். கொஞ்சம் கூடினால் எண்ணாது, குறைந்தால் உரசும். மூன்றாவது கதவை மாட்டும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். மின்சாரம் இல்லாத நேரத்தில் கைச்சங்கிலியை இழுத்துக் கதவைத் தூக்கினால், பெட்டி அதை எண்ணுவதில்லை. கதவு பாதி உயரத்தில் இருக்கும். பெட்டியோ அது தரையிலேயே இருப்பதாகக் காட்டும்.

ஜெயராஜிடம் சொன்னார்.

"கரண்டு இல்லாதப்போ சங்கிலிய இழுத்தா பெட்டிக்குத் தெரியல பாஸ். கரண்டு வந்ததும் பட்டனை அழுத்தினா, மேல போய் நிக்காது. இன்னும் போகணும்னு இழுக்கும்."

"எப்பவோ ஒரு தடவை கரண்டு போகும். அதுக்காகப் பயப்பட முடியுமாண்ணே? ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிடுங்கலா."

எழுதி ஒட்டினார். 'சங்கிலியை இழுத்த பிறகு பட்டனை அழுத்தாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினார். பிறகு ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். அப்படியே பதினொரு கதவுகள். கெப்பாலா பத்தாஸில் கோழித் தீவனக் கிடங்குக்கு மாட்டியது ஏழாவது.

அடுத்த வருடம் ஜூலையில் ஒரு பிற்பகல், அந்தக் கிடங்கில் இடி மழையோடு மின்சாரம் போனது. வெளியே லோரி காத்திருந்தது. ஆட்கள் சங்கிலியை இழுத்து மூடியிருந்த கதவைப் பாதிவரை தூக்கி, குனிந்து குனிந்து மூட்டைகளை ஏற்றினார்கள். மின்சாரம் வந்ததும் மேற்பார்வையாளர் திருநாவுக்கரசு, கதவு முழுதாக ஏறட்டும் என்று பட்டனை அழுத்தினார். கதவு ஏறியது, நிற்கவில்லை. மேலே தடுப்புக் கட்டையில் முட்டியும் மோட்டார் இழுத்தது. போல்ட்டுகள் அறுந்து, கதவு மொத்தமும் கழன்று விழுந்தது. மூட்டை வாய் தைக்கும் வேலை செய்த சலேஹா, சிந்திய தீவனத்தைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அடிச்சட்டம் அவள் வலது தோளில் விழுந்தது.

மறுநாள் காலையில் ஜெயராஜும் விநாசித்தம்பியும் போய்ப் பார்த்தார்கள். கதவு தரையில் கசங்கிக் கிடந்தது. தரையை யாரோ கழுவி விட்டிருந்தார்கள். விநாசித்தம்பி நேராகப் பெட்டியிடம் போனார். காகிதம் சுவரில் அப்படியே இருந்தது. ஆனால் அதன் முன்னால் ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கியிருந்தது. பட்டனுக்கு மட்டும் கை போகிற அளவுக்கு இடம்.

ஜெயராஜ் மூட்டைகளுக்கு இடையே தலையை நீட்டிக் காகிதத்தைப் பார்த்தார். வெளிறியிருந்த அவர் முகம் தெளிந்தது.

"நாம தப்பிச்சோம்ணே. எழுதிதான் வச்சிருக்கோம். அவங்கதான் படிக்கல."

வீடு திரும்பிய விநாசித்தம்பிக்கு மனைவி அருந்ததி சோறு போட்டாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

"யாரைக் குத்தம் சொல்றாங்க?" என்று கேட்டாள் அருந்ததி.

"பட்டனை அமுக்கின ஆளை. வேலைக்கு வர வேணாம்னு நிறுத்தி வச்சிருக்காங்க."

"அந்தப் பொண்ணைப் போய்ப் பாத்தீங்களா?"

"எந்த முகத்தோட போறது?"

"இருக்கற முகத்தோடதான் போகணும்."

சனிக்கிழமை மருத்துவமனைக்குப் போனார். சலேஹாவுக்கு முப்பது வயது இருக்கலாம். தோளிலிருந்து இடுப்புவரை கட்டுப் போட்டிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கியிருந்தன. கணவன் யூசுப் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தான். கதவு மாட்டியவர் இவர் என்று தெரிந்ததும் எழுந்து வெளியே போய்விட்டான்.

"நரம்பு அறுந்து போச்சாம்" என்றாள் சலேஹா. "கை வருமா வராதான்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கறாரு."

விநாசித்தம்பி தலையை அசைத்தார்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணே. திருநாவுக்கரசு அண்ணன் தினமும் வராரு. உள்ள வராம, அங்க வார்டு வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போறாரு. எங்க கம்பத்துல, ஊர்க்காரங்க எல்லாரும் அவரைத்தான் திட்டறாங்க. அவரு மேலதான் தப்பா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு பண்ணது எல்லாரும் பண்றதுதாம்மா. பட்டனை அமுக்கினாரு, அவ்வளவுதான். கதவு அப்படிப் போகும்னு எனக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சுதான் மாட்டினேன்."

சலேஹா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே பேசினாள்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? அவருகிட்ட போய்ச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கறப்போ சொல்லுங்க."

வியாழக்கிழமை கிடங்கு அலுவலகத்தில் விசாரணை. அரசாங்க அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஒரு பக்கம் கிடங்கு முதலாளி, மறுபக்கம் ஜெயராஜ், கதவோரம் திருநாவுக்கரசு. சவரம் செய்யாத முகத்தோடு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றிருந்தார். ஜெயராஜ் காகிதத்தைப் பற்றி விளக்கினார். அதிகாரி அதைச் சுவரிலிருந்து எடுத்து வரச் சொல்லிப் படித்துப் பார்த்தார்.

"இதை எழுதியது யார்?" என்று மலாயில் கேட்டார்.

"நான்தான்" என்று விநாசித்தம்பி எழுந்தார். "கதவு இப்படி ஆகும் என்று தெரிந்ததால் எழுதினேன். மாட்டும்போதே தெரியும். பெட்டி தவறாக எண்ணுகிற கதவை மாட்டியிருக்கவே கூடாது. என் முதலாளியிடம் ஒரு தடவை சொன்னேன். மறுதடவை சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். இந்த மனிதர் எந்தத் தவறும் செய்யவில்லை."

ஜெயராஜ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருநாவுக்கரசு மெல்லக் கீழே குனிந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தவகைக் கதவு பதினொன்றையும் மாற்ற வேண்டும், மாற்றும்வரை கையால்தான் இயக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. திருநாவுக்கரசை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜெயராஜ் விநாசித்தம்பியை வேலையைவிட்டு நீக்கவில்லை, பேசவும் இல்லை. "மாத்திட்டு அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னார். கதவுகளை மாற்றத் தெரிந்தவர் வேறு யாரும் பட்டறையில் இல்லை.

விநாசித்தம்பி மூன்று வாரம் யோசித்தார். சென்சாரின் துடிப்பை நம்பியிருக்கும்வரை, எண்ணுவதற்கு மின்சாரம் வேண்டும். எண்ணாமலே இடத்தைக் காட்டும் ஒன்றைக் கதவு சுருளும் உருளையின் முனையிலேயே வைத்தால்? வானொலியில் ஓசையைக் கூட்டுகிற திருகு போல ஒன்று, ஆனால் பத்துச் சுற்று சுற்றக்கூடியது, கடையில் கிடைத்தது. கீழிருந்து மேல்வரை உருளை ஏழு சுற்றுதான் சுற்றும். திருகைச் சின்னச் சங்கிலிச் சக்கரம் ஒன்றால் உருளையோடு இணைத்தார். இனி மோட்டார் இழுத்தாலும் கை இழுத்தாலும் உருளையோடு திருகும் சுற்றும். மின்சாரம் போனாலும் சுற்றிய இடத்திலேயே நிற்கும். திரும்பி வந்ததும் பெட்டி எதையும் எண்ண வேண்டாம், திருகைப் பார்த்தாலே போதும். அதற்கும் மேலே, கதவு எல்லையைத் தாண்டினால் மோட்டாரின் மின்சாரத்தை நேரடியாக வெட்டுகிற சுவிட்ச் ஒன்றையும் வைத்தார்.

முதலில் கெப்பாலா பத்தாஸ். புதுக் கதவு ஏற்றி, திருகை இணைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சங்கிலியால் முழங்கால் உயரம் தூக்கினார். மின்சாரம் கொடுத்துப் பட்டனை அழுத்தினார். கதவு ஏறி, மேலே நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இடுப்பு உயரம், தலை உயரம் என்று ஒன்பது தடவை அதையே செய்தார். திருநாவுக்கரசு தூரத்தில் மூட்டைகளின் அருகே நின்று பார்த்தார்.

"நீங்க ஒரு தடவை அமுக்கிப் பாருங்க" என்றார் விநாசித்தம்பி.

"என்னால முடியாதுண்ணே."

"சரி. முடியறப்போ அமுக்குங்க."

அவர் வற்புறுத்தவில்லை. திருநாவுக்கரசு அந்தக் கிடங்கை விட்டுப் போகும்வரை அந்தப் பட்டனைத் தொடவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டார்.

மற்றப் பத்துக் கதவுகளையும் மாற்ற மார்ச் மாதம்வரை ஆனது. கடைசிக் கதவு முடிந்த அன்று ஜெயராஜ் தேநீர் வாங்கி வந்து அவர் பக்கத்தில் வைத்தார். "விசாரணைல அப்படிப் பேசப்போறதை என்னைக் கூப்பிட்டு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ணே" என்றார். "சொல்லியிருந்தா நீங்க பேச விட்டிருக்க மாட்டீங்க பாஸ்" என்றார் விநாசித்தம்பி. அதன்பின் ஏழு வருடம் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள்.

சலேஹாவின் கை மேலே எழவில்லை. இடது கையால் சமைக்கவும் எழுதவும் பழகிக்கொண்டாள். விநாசித்தம்பியும் அருந்ததியும் அவள் வீட்டுக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை போவார்கள். யூசுப் ஒவ்வொரு தடவையும் வெளியே போய்விடுவான். மூன்றாம் வருடம் நோன்புப் பெருநாளன்று மட்டும் அவன் போகவில்லை. எதிரே பாயில் உட்கார்ந்து, அந்தக் கதவு ஏன் நிற்கவில்லை என்று கேட்டான். விநாசித்தம்பி எதையும் மறைக்காமல், ஒரு காகிதத்தில் உருளை, மோட்டார், காந்தம் எல்லாவற்றையும் வரைந்து சொன்னார். யூசுப் இரண்டு தடவை குறுக்கிட்டுக் கேட்டான். கடைசியில் காகிதத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்தான். சலேஹா அதை மடியில் வைத்து இடது கையால் நீவி விட்டு, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.