சகலை கொளுத்தாத குச்சிகள்

எங்கள் குடியிருப்பின் நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் அறை ஒன்று உண்டு. ஜெர்மானியர்கள் அதை வாஷ்கெல்லர் என்பார்கள். எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. மூன்று வாரம் முன்பு, அங்கே துண்டு மடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு யூர்கன் தன் வேலை போய்விட்டது என்றார். நாளை பனி பெய்யும் என்று சொல்வதும் அதே குரலில்தான். சொல்லிவிட்டு அடுத்த துண்டை ஓரம் பார்த்து மடித்தார். நைனார்பாளையம் பக்கத்து எங்கள் ஊரில் இப்படியொரு செய்தி வந்தால், அன்று அந்த வீட்டில் உலை வைக்க விடமாட்டோம். நான் மாடியேறி எலுமிச்சைச் சோறு கிளறி, தூக்கில் எடுத்துப்போய் நீட்டினேன். "இன்று உங்கள் பண்டிகையா?" என்று கேட்டார். விளக்க என் ஜெர்மன் போதாது. ஆமாம் என்றேன். வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கினார். மறுநாள் தூக்கு பளபளவென்று கழுவி என் வாசலில் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அந்த நிதானத்தின் மேல் பொறாமையாக இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதினேன். எழுதியதும் தெரிந்தது, இது பழைய பொறாமை. அதன் வேர் ஊரில் இருக்கிறது. பெயர் ஏழுமலை. என் மனைவியின் தங்கை கணவன், எனக்குச் சகலை. மாமனார் ஆளுக்கொரு காணி கொடுத்திருந்தார். நடுவில் ஒற்றை வரப்பு.

மரவள்ளி விலை ஏறிய வருடம் நான் களத்துமேட்டைக்கூட விடாமல் அதன் தண்டுக் குச்சியை நட்டேன். ஏழுமலை பாதி நிலத்தில் கம்பு விதைத்தான். "சாமி வாசல்ல வந்து நிக்கறப்ப கதவ சாத்திக்கினியே சகல" என்று சிரித்தேன். கிழங்கு பிடுங்கும்போது விலை விழுந்தது. வெட்டிய குச்சிகளை ஊரே வெந்நீர் அடுப்பில் வைத்தது. நானும் ஆத்திரத்தோடு கொளுத்தினேன். அவன் மட்டும் கட்டுக்கட்டாகப் புளியமர நிழலில் நிறுத்தினான்.

"இன்னா சகல, பந்தலு போடப்போறியா?" என்றேன்.

"வெல எறங்குனதுக்கு வெத இன்னா பண்ணும், பாவம்" என்றான்.

அடுத்த நடவுப் பட்டத்தில் குச்சிக்குப் பஞ்சம். தியாகதுருகத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். குச்சியைச் சும்மா கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், கொடுத்தான். நானும் அந்தக் கூட்டத்தில் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்ததும் முன்னால் கூப்பிட்டு முதல் கட்டை எனக்குக் கொடுத்தான். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு மனைவிக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்தது. அவனுக்கு முன்னால் நான் தலைநிமிர்ந்து ஊரைவிட்டுப் புறப்பட்டேன். என் காணி தரிசாகக் கிடக்கிறது. ஏழு வருடம் பார்சல் கிடங்கில் வேலை பார்த்தேன். யூர்கன் செய்தி சொன்ன மறுவாரம் என் வேலையும் போனது. பதினோரு நாள் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் ஏழுமலைக்குத் தெரிந்துவிடக் கூடாது; அது ஒன்றுதான் பயம்.

பன்னிரண்டாம் நாள் மதியம் அவனே போன் செய்தான்.

"இன்னா சகல, கொரலு ஒரு மாதிரியா இருக்குது?"

எப்படி வாயிலிருந்து வந்ததோ, சொல்லிவிட்டேன். அவன் ஐயோ என்று சொல்லவில்லை.

"சரி வுடு. இங்கயும் இந்த வருசம் வெல கம்மிதான். எல்லாரும் குச்சிய கொளுத்திக்கினு இருக்கானுங்க. ஒன் காணிக்கு வேணுங்கறத தனியா நிறுத்தி வச்சிருக்கறேன்."

"என் காணிக்கா? எதுக்கு?"

"வருசா வருசம் வைக்கறதுதான். மாசி முடியற வரைக்கும் பாப்பேன். நீ வரலன்னா கேக்கறவனுக்குக் குடுத்துருவேன்."

"இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொன்னா நீ கோச்சிக்குவ" என்று சிரித்தான். "காலையிலதான் குச்சிய நெகத்தால கீறிப் பாத்தேன். பால் வருது, உசுரு இருக்குது."

அன்றும் பொறாமை குறையவில்லை. சரியாகச் சொன்னால் கூடியது. பேசி முடித்துப் பால்கனிக்கு வந்தேன். மைனஸ் நான்கு. மாசி முடியப் பதினேழு நாள். ஊரில் கல்வராயன் மலையைப் பார்த்தபடி, அடி கீழும் நுனி மேலுமாக எனக்காக நிற்கும் குச்சிகளை நினைத்துக்கொண்டே, கம்பியில் படிந்த உறைபனியை நகத்தால் கீறினேன். தண்ணீர் வந்தது.