செண்டுடுக் தின்ற நாக்கு

பாலர் பள்ளி ஆசிரியைக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். என் வாய் ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடிய நாள் அது.

தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். சரிவில், மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்று சொல்லும் புதர்ச்செடி பூத்திருந்தது. "இது நம்ம ஊரு செடி. யாரும் நடல, தானா வளரும். வருஷம் பூரா பச்சையா இருக்கும்," என்றேன். ஐந்து ஊதா இதழ்களை எண்ணச் சொன்னேன். சொரசொரப்பான இலையைக் கன்னத்தில் தேய்த்துச் சிரித்தார்கள். வெடித்த பழத்தின் கறுத்த சதையைக் காட்டி, "இதத் திங்கலாம். ஆனா டீச்சரக் கேக்காம தின்னா நாக்கு ஊதாவாயிடும், மாட்டிக்குவீங்க லா," என்று பெருமையாக முடித்தேன். பக்கத்திலேயே உண்ணிச்செடி நின்றது. அதன் பச்சைக் காய் விஷம். பார்த்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வகுப்புக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு சிறுமி வாந்தி எடுத்தாள். ஆறு வயது. என்ன தின்றாய் என்று கேட்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். உடன் வேலை செய்யும் அக்கா காரை எடுத்தார். பின்னிருக்கையில் அவளை மடியில் போட்டுக்கொண்டு கெஞ்சினேன், அதட்டினேன், அழுதும் பார்த்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மருத்துவரிடம் என்னவென்று சொல்வது? அவள் உடம்பு துவண்டுகொண்டே வந்தது.

வகுப்பில் ஒட்டிவைக்கப் பறித்த செண்டுடுக் கொப்பு என் பையில் இருந்தது. அதிலிருந்த பழங்களை வாயில் போட்டு மென்றேன். நாக்கை நீட்டினேன்.

"டீச்சரும் கேக்காம தின்னுட்டேன். பாரு."

லேசாகச் சிரித்தாள். வாயைத் திறந்தாள்.

ஊதாவாக இருக்கட்டும் என்று முருகனை வேண்டியபடி குனிந்தேன். நாக்கு சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமான நாக்கைப் பார்த்து நான் அதுவரை பயந்ததில்லை.

"நான் பக்கத்துச் செடியில பச்சையா இருந்ததத்தான் தின்னேன் டீச்சர்," என்றாள். "அது ஊதாவாகாதுல்ல."

நான் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒழுங்காகத்தான் கேட்டிருந்தாள். அவசரப் பிரிவில் மருத்துவரிடம் உண்ணிக்காய் என்று சொன்னேன்.

சாயங்காலம், இனி பயமில்லை என்றார்கள். தொழிற்சாலைச் சீருடையோடு அவளுடைய அம்மா ஓடிவந்தார். மகளைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கண்டதத் திங்கலாம்னு யாரு டீச்சர் இவளுக்குச் சொன்னது?"

என் நாக்கில் இன்னும் ஊதா போகவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

கையில் ஊசி குத்தியிருக்க, கட்டிலில் கிடந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க டீச்சர்," என்றாள். "அம்மா அடிக்க மாட்டாங்க."