முன் சீட்டில் சொட்டிய மழைக்கோட்டு

நான் வேலைக்குப் போன நாட்களில், பாகலூர்ப் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் முன் சீட்டுக்காரரின் மழைக்கோட்டைத்தான் பார்ப்போம். ஓசூரில் வெயிலடிக்கும், அது சொட்டிக்கொண்டிருக்கும்.

“எவ்ளோ பெஞ்சுது?” என்பார் பின் சீட்டுக்காரர். காவேரிப்பட்டினத்தில் அவருக்கு ஆற்றோரம் வயலும் பம்ப்செட் மோட்டாரும்.

“ரோட்டுல முழங்கால் தண்ணி. பைக்கைத் தள்ளினு வந்தேன்.”

“உங்க ஊரு மழை என் மோட்டாரத் தின்னாம விடாது போல.”

“நானா அனுப்பறேன்? ஆத்தைப் போய்க் கேளு!”

பஸ்ஸே சிரிக்கும். ஆனால் இறங்கியதும் வயல்காரர் வீட்டுக்குச் சொல்ல நேரே டெலிபோன் பூத்துக்குத்தான் போவார். பாகலூர்ப் பக்கமிருந்து இறங்கும் தென்பெண்ணை வெள்ளம் அவர் ஊரைத் தொடும் முன்பே மோட்டார் மேடேறியிருக்கும். அந்த ஈரக்கோட்டின் ரப்பர் வாசனை இப்போதும் சில காலைகளில் எனக்கு வருகிறது.

இன்று அந்த பஸ் இல்லை. என் மகளைக் காவேரிப்பட்டினத்தில் கொடுத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் எங்கள் இருவர் போனுக்கும் ஒரே செய்தி வந்தது: மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை. மேற்குக் கோடியிலுள்ள தளியும் இந்த மாவட்டம்தான், கிழக்குக் கோடியிலுள்ள ஊத்தங்கரையும் இந்த மாவட்டம்தான். அவள் தெருவில் நல்ல வெயில். துணி துவைத்துக் காயப்போட்டாள். மதியம் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்குப் போனாள். இன்றும் அவள் எண் போனில் ஒளிர்ந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

பிறகு தேடிப் பார்த்தேன். ஆற்றின் மேற்பக்கம் பெய்த மழை, அங்குள்ள அணையில் திறந்த தண்ணீர், எல்லாமே இணையத்தில் இருந்தன. ஒன்று மில்லிமீட்டரில், ஒன்று கன அடியில், வேறு வேறு பக்கங்களில். என் மகள் வீட்டில் இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா என்று எதிலும் இல்லை.

இப்போது மழை நாட்களில் அவற்றைச் சேர்த்துப் படித்து, அவள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் பஸ் பேச்சாகவே எழுதுகிறேன். ‘பாகலூர்ப் பக்கம் நல்ல மழை. அணையில் கூடுதலாகத் திறந்திருக்கிறார்கள். ஆற்றோர வீட்டுக்காரர்கள் இருட்டும் முன் மேலே போங்கள்.’

மருமகனுக்குச் சலிப்பு. “அத்தை, போன வாட்டி நீங்க எழுதுனதும் பீரோவ மாடிக்கு ஏத்துனோம். ஒரு சொட்டு வரல. முதுகுதான் போச்சு.”

“முதுகுக்குத் தைலம் இருக்குது, மாப்ள.”

இன்று காலையும் எழுதினேன். பதில் வந்ததா என்று மதியம் முழுக்கப் போனைத் திறந்து பார்த்தேன். நான்கு மணி போல மகளே கூப்பிட்டாள்.

“மேல வந்துட்டோம்மா. பீரோவையும் ஏத்திட்டாரு, திட்டிக்கிட்டே.”

“தண்ணி?”

“இன்னும் வரல. போனை வை, புள்ள தூங்கறான்.”