வேனில் ஏறாத பொம்மை

சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிகிற நேரத்தில் நடந்தது இது. எர்ணாவூர்ப் பக்கம் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்த அங்கன்வாடியில் நான் டீச்சராக இருந்தேன். ஒரு ஹால், சின்ன சமையலறை, பின்பக்கம் கழிப்பறை. அவ்வளவுதான் எங்கள் இடம். நானும் சமைக்கும் ஆயாம்மாவும் சேர்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம்.

ஒரு நாள் சாயங்காலம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வாயு கசிந்துவிட்டது. யார் குழாய், எங்கே உடைந்தது என்பதெல்லாம் பெரியவர்கள் பிறகு பேசிக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்தது கண் எரிச்சலும் இருமலும், மைக்கில் கத்திய போலீஸும், முன்பின் தெரியாத கல்யாண மண்டபத்தில் விரித்த பாயும்தான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சில நாளில் எல்லோரும் வீடு திரும்பினார்கள். அங்கன்வாடியையும் திறந்துவிட்டோம்.

திறந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் ஒரு புது விளையாட்டு கண்டுபிடித்துவிட்டார்கள். நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டால் வேன். சில்வர் டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டால் போலீஸ் மைக். ஒருவர் டிரைவர், ஒருவர் மயங்கி விழுகிறவர், மற்றவர்கள் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு ஓடி வந்து ஏறுவார்கள். யார் டிரைவர் என்பதில் முதலில் பெரிய சண்டை வந்தது. பிறகு அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். மூன்று வயதில் சரியாகப் பேசவே வராத ஒரு பையன், டம்ளர் கைக்கு வந்ததும் "எல்லாம் ஏறு, எல்லாம் ஏறு" என்று ஹால் அதிரக் கத்தினான். அவன் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு பெண் குழந்தை மட்டும் அந்த வேனில் ஏறவே மாட்டாள். நான்கு வயது. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவள், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வாயே திறப்பதில்லை. சாப்பாடு பாதி தட்டிலேயே இருக்கும். கழிப்பறைக்குக்கூட என் புடவையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். விளையாட்டு ஆரம்பித்ததும் மூலையிலிருந்து ஒரு துணிப் பொம்மையை எடுத்து வந்து வாசல் பக்கம் சுவரில் சாய்த்து நிறுத்துவாள். வேன் கிளம்பிப் போகும். பொம்மை அங்கேயே நிற்கும். பிறகு எடுத்துக்கொள்வாள். அடுத்த முறை மறுபடியும் அதே இடத்தில் நிறுத்துவாள். தினமும் இதேதான்.

நான் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் விளையாடும்போது குறுக்கே போய் நடத்தக்கூடாது, அவர்களாகக் கூப்பிட்டால் சேர்ந்துகொள்ளலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் பார்க்கப் பார்க்க எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆயாம்மா, "வேற வெளாட்டு வெளாடச் சொல்லேன் டீச்சர், இத்த பாத்தா மனசு ஒரு மாரியா கீது" என்பார்.

அந்தக் குழந்தையின் அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் காலையில் பிள்ளையை விட வந்தவர் கோபமாகவே கேட்டார்.

"இன்னா டீச்சர் இது. நாங்க மறக்கணும்னு பாத்துகினு கீறோம். நீங்க தெனம் ஞாபகப்படுத்திகினே இருந்தா எப்டி? வூட்ல வந்து ஒரு வார்த்த பேச மாட்டேங்குது."

அவர் கேட்டதில் தப்பில்லை. "நான் சொல்லிக்கொடுத்த விளையாட்டு இல்லைம்மா, அவங்களா விளையாடுறாங்க. ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து உக்காந்து பாருங்க. அப்புறமும் வேணாம்னா நிறுத்திடறேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். சமையலறைக் கதவோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கம்போல நாற்காலிகள் வரிசையாயின. டம்ளர் மைக் கத்தியது. அவர் மகள் பொம்மையைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினாள். வேன் கிளம்பியது.

"அத்த இன்னாத்துக்கு அங்க வுட்டுட்ட?" என்று அம்மா கேட்டார்.

அவள் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: "வேன்ல எடமில்ல. போயிடுச்சு."

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. வாயு கசிந்த அன்று சாயங்காலம் அவர் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அப்பா லாரியில் வெளியூர் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். மறுநாள் காலை மண்டபத்தில் மகளைக் கண்டுபிடித்தபோது, பத்திரமாக இருக்கிறாள் என்ற நிம்மதியில் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. நெரிசலில் கை நழுவி, பக்கத்து வீட்டுக்காரர் ஏறிய முதல் வேன் இவளை விட்டுவிட்டுப் போய்விட்டது என்பதும், அடுத்த வேன் வரும்வரை இவள் தெருவில் தனியாக நின்றாள் என்பதும் அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பிறகு அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாராம். சொல்ல பயமாக இருந்ததாம்.

ஹாலில் அம்மா எழுந்தார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் நேராகப் போய் வேனில் காலியாக இருந்த ஒரு குட்டி நாற்காலியில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தார்.

"டிரைவரண்ணா, வண்டிய நிறுத்து. என் கொயந்த அங்க நிக்குது" என்றார்.

டிரைவராக இருந்த பிள்ளை வாயாலேயே கிரீச்சென்று பிரேக் போட்டது. அம்மா இறங்கிப் போய்ப் பொம்மையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். மகள் ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பொம்மையை அவர் இடுப்பிலிருந்து வாங்கிப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

அன்று சோறு வேகும்வரை அந்த அம்மா வேனை நிறுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் பொம்மைக்குப் பதில் மகளே போய் வாசலில் நின்றாள். அம்மா அவளைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் ஆயாம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் அவள் வேனில் ஏறினாள், தட்டைக் காலி செய்தாள், பிறகு டம்ளரைக் கையில் வாங்கினாள். அவள் போலீஸ் ஆனபின் விளையாட்டில் ஒரு புது விதி வந்தது. ஒவ்வொரு தலையையும் தொட்டுப் பார்த்து, எல்லோரும் ஏறியாச்சு என்று அவள் சொன்னால்தான் வண்டி கிளம்பலாம். நானும் என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் ஓடக்கூடாது, காற்று வாயுவையும் அங்கேதான் கொண்டுபோகும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

கோடை தொடங்கியபோது ஒரு மத்தியானம், முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது அதே காரமான நெடி லேசாக வந்தது. முட்டையைப் போட்டுவிட்டு எழுந்தேன். துணியை நனைத்துக் கொடுக்க ஆரம்பிப்பதற்குள் பிள்ளைகள் அவர்களாகவே தண்ணீர்ப் பக்கம் வரிசையில் நின்றார்கள். ஒரு பிள்ளைகூட அழவில்லை. வெளியே சனம் கண்டபடி ஓடிக்கொண்டிருந்தது. மீன் ஏற்றும் மினி வண்டிக்காரர் ஒருவர் வாசலில் நிறுத்தி, "கொயந்தைங்கள ஏத்துங்க டீச்சர்" என்றார். ஏற்றினோம். நான் கதவைப் பூட்டப் போனேன்.

"டீச்சர், பூட்டாத. ஒரு பாப்பா இல்ல" என்றாள் அவள். வண்டிக்குள் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஆயாம்மாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அவர் பார்த்திருப்பார் என்று நானும், நான் பார்த்திருப்பேன் என்று அவரும் இருந்துவிட்டோம். உள்ளே ஓடினேன். புதிதாகச் சேர்ந்த சின்னக் குழந்தை ஒன்று, பின்பக்கக் கழிப்பறையில் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. வெளியில் இருந்த சத்தத்தில் அது யார் காதிலும் விழுந்திருக்காது. கதவை உடைத்துத் தூக்கி வந்தேன். மீண்டும் ஒரு முறை எல்லாத் தலையையும் தொட்டுவிட்டு, "ரைட்டு, போலாம்" என்று அவளே சொன்னாள். வண்டி துணி பறக்கும் திசையை விட்டு விலகிக் குறுக்குத் தெருவில் போனது.

அன்று வந்தது சின்னக் கசிவுதான். சாயங்காலமே வீடு திரும்பிவிட்டோம். நடந்ததை நான் அவள் அம்மாவிடம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது வேறு அங்கன்வாடி மையத்தில் இருக்கிறேன். பிள்ளைகள் ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுவதைப் பார்த்துப் பெற்றோர் யாராவது சலித்துக்கொண்டால், பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு உட்காரச் சொல்கிறேன். வாயால் சொல்லத் தெரியாததைத்தான் பிள்ளைகள் விளையாடிக் காட்டுகிறார்கள் என்பதை நான் அந்த ஹாலில்தான் தெரிந்துகொண்டேன்.