பதினொரு குறிப்புகளில் இல்லாதது

சச்சிதானந்தன் அண்ணையின் செத்தவீட்டுக்குக் கிளிபோட்டும் வந்திருந்தார். எண்பத்திரண்டு வயது வெள்ளைக்காரக் கிழவர். மண்டபத்தின் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருந்தார். அண்ணை விழுந்து இறந்த விமானத்தைத் தன் வீட்டுக் கராஜில் ஒன்பது வருடம் பாடுபட்டுக் கட்டியவர் அவர்தான்.

அண்ணையின் மனைவி குணவதி அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவரை நோக்கி விரலை நீட்டினார். "உந்தக் கிழவன்தான் என்ர மனுசனைச் சாகடிச்சவன். ஓட்டைப் பிளேனை வித்துச் சாகடிச்சவன்."

கிழவருக்குத் தமிழ் தெரியாது. விரல் நீண்டால் யாருக்கும் விளங்கும்தானே, தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் பிழையில்லை என்று அந்த மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்காமல் நின்றேன். என் பெயர் யேசுரட்ணம், மிசிசாகாவில் விமானங்களுக்குப் பிரேக் மாற்றுகிற மெக்கானிக். கோழை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அண்ணையும் நானும் ஒரே விமான நிலையத்தில்தான் வேலை. அவர் விமானத்துக்குள்ளே கூட்டித் துடைக்கிற ஆள். இருபத்தேழு வருடம் மற்றவர்கள் சிந்திய பிஸ்கட் தூளைப் பொறுக்கினார். ஊரில் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் பாய்ந்து வளர்ந்த மனிதர், நாற்பத்தொன்பதாவது வயதில் விமானம் ஓட்டப் பழகப் போனார். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். "ஏன் அண்ணை, பஸ் காணாதோ?" என்று கேட்டேன். "பஸ்ஸில ஏறினா றோட்டுத்தானே தெரியும்" என்றார். மூன்று தரம் சோதனையில் கோட்டைவிட்டு, நாலாம் தரம் லைசென்ஸ் எடுத்தார்.

ஓய்வு பெற்ற கையோடு கிளிபோட்டின் விமானத்தை வாங்கினார். ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணிநேரம் ஓடினால் வரும் புல்வெளி ஓடுபாதை ஒன்றில் அது நின்றது. இரண்டு பேர் இருக்கலாம். நீலச் சிறகு, வாலில் தரையில் உருள ஒரு குட்டிச் சில்லு. கையால் கட்டிய விமானத்துக்கு மனிதரைப் போலத்தான் குணம், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கோணல். கிளிபோட் அந்தக் கோணல்களைப் பதினொரு குறிப்புகளாக ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தார். இடப்பக்கக் கதவு கிளம்பும்போது திறக்கப் பார்க்கும், முழங்கையால் அமத்து. நிலத்தில் ஓடும்போது இடப்பக்கம் இழுக்கும், வலது காலைத் தயாராக வை. எண்ணெய் முள் எப்போதும் அரைவாசி காட்டும், நம்பாதே, தடி விட்டுப் பார். இப்படிப் போகும்.

ஏழாவதுதான் பொல்லாதது. வேகம் அறுபது மைலுக்குக் கீழே போனால் இடச்சிறகு சொல்லாமல் கொள்ளாமல் சரிந்துவிடும். வேகமுள்ளை மட்டும் நம்பு. முள் இறங்கினால் முதலில் மூக்கைக் கீழே தள்ளு, பிறகு யோசி.

பதினொன்றையும் அண்ணை என்னைக்கொண்டு தமிழில் எழுதுவித்து, மார்க்கம் நகரிலுள்ள தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தார். ஏழாவது மட்டும் சிவப்புப் பேனா. ஓகஸ்ட் முழுக்க கிளிபோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகினார். கதவும் வால்ச்சில்லும் அவருக்குப் பணிந்துவிட்டன. "மனுசிக்கு இருபது கோணல், இதுக்குப் பதினொண்டுதான்" என்று பகிடி விட்டார். செப்டெம்பர் இரண்டாம் ஞாயிறு காலை தனியே பறப்பதாக முடிவாயிற்று.

அதற்கு முதல்நாள் பூசை. எங்கள் சனம் புதுக் கார் வாங்கினாலே தேசிக்காயும் மாலையும் இல்லாமல் தெருவில் இறக்காது. இது ஆகாயத்தில் ஏறுகிற சாமான். ஐயர் வந்து மூக்கில் சந்தனம் பூசி, சில்லுக்குத் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்துவிட்டுப் போனார். அண்ணை வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வால்ச்சில்லுக்குக் கீழே மல்லாக்கப் படுத்து ஒரு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். குணவதி அக்கா மிஞ்சிய சந்தனக் கிண்ணத்தோடு விமானத்தைச் சுற்றி வந்தார்.

"யேசு, உந்த வெள்ளி வட்டத்தில பொட்டு வைக்கலாமே?"

நான் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "வையுங்கோ அக்கா" என்றேன்.

விமானத்தின் இரண்டு பக்கமும் காசளவில் ஒவ்வொரு வெள்ளித் தட்டு இருக்கும். நடுவில் கடுகளவு துளை. வெளிக்காற்றின் அழுத்தம் அந்தத் துளைகளால் உள்ளே போய்த்தான் வேகமுள் சரியாக வேலை செய்யும். அவை அடைபட்டால், விமானம் ஏற ஏற முள் பொய்யாக இறங்கும். முப்பது வருட மெக்கானிக்குக்கு இது அரிச்சுவடி. ஆனால் கிளிபோட்டின் பதினொரு குறிப்புகளிலும் அந்தத் துளைகள் இல்லை. அவை அவருக்கு ஒருநாளும் கரைச்சல் கொடுத்ததில்லை. கரைச்சல் கொடுக்காததை யார் குறித்து வைக்கிறார்கள்?

விமானக் கொட்டகையைப் பூட்டும்போது பொட்டுகளைக் கண்டேன். நல்ல தடிப்பாக, குங்குமமும் வைத்து, இரண்டு பக்கமும். துடைக்கத்தான் கையைத் தூக்கினேன். அக்கா காருக்குப் பக்கத்தில் நின்று, விமானத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். முன்னொருமுறை சப்பாத்தோடு அவர்களுடைய சாமியறை வாசலை மிதித்து, அக்கா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் வைத்த பொட்டை அவர் கண்முன்னாலேயே அழிப்பதா? கையை இறக்கினேன். பின்னேரம் அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடலாம், அவரே துடைக்கட்டும் என்று நினைத்தேன்.

பின்னேரம் தங்கச்சியின் மகளுக்கு முதல்நன்மை, அவள் தேவாலயத்தில் முதல்தரம் நற்கருணை வாங்கிய கொண்டாட்டம். சாப்பாடு, பாட்டு, கூத்து. மறந்துபோனேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

ஞாயிறு காலை நான் தேவாலயப் பூசையில் முழந்தாளில் நின்ற நேரம் அண்ணை கிளம்பினார். ஓடுபாதைப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் பார்த்திருக்கிறார். எஞ்சின் நல்ல சத்தத்தோடு ஓடிற்று, விமானம் அழகாக ஏறிற்று, பிறகு காரணமே இல்லாமல் மூக்கைக் குத்தி மரங்களுக்குள் போயிற்று என்றார். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. முள் இறங்கியிருக்கிறது. அண்ணை ஏழாவது குறிப்பைச் சொன்னபடி செய்திருக்கிறார்.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்தன. கிளிபோட்மேல் வழக்குப் போடவேண்டுமென்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கிழவரைப் பார்க்கப் போனேன். அவருடைய கராஜில் இன்னொரு விமானம் பாதி கட்டிய நிலையில் இருந்தது எனக்குத் தெரியும். அன்று அது துண்டு துண்டாக வெட்டி அடுக்கப்பட்டிருந்தது. மின்வாளால் அவரே அறுத்திருக்கிறார். சிறகின் சட்டங்கள் விறகுபோலக் கிடந்தன.

"இடச்சிறகா?" என்று கேட்டார். "அதை நான் சரியாக்கியிருக்க வேண்டும். ஏழாவதை எழுதி வைத்துவிட்டு, சும்மா இருந்துவிட்டேன்."

உண்மையை முதலில் கேட்கவேண்டியவர் அக்கா, அவர் மார்க்கத்தில் இருந்தார். நேரே அங்கே காரை விட்டேன்.

அக்கா கதிரையில் இருந்தார், மகள் நிரூபா பக்கத்தில். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துளை, சந்தனம், முள், நான் தூக்கி இறக்கிய கை. ஒன்றையும் விடவில்லை. நிரூபா "Oh my God, அங்கிள்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா அழவில்லை. தன் வலக்கையின் மோதிரவிரலைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நான் வைச்ச பொட்டே?"

"நான் வையுங்கோ எண்டு சொன்னனான் அக்கா. கண்டும் துடைக்கேல்லை. பிழை என்ர."

"அந்தக் கிழவனுக்குத் தெரியுமே?"

"இல்லை. கட்டிக்கொண்டிருந்த மற்றப் பிளேனையும் வெட்டிப்போட்டார்."

அக்கா மகளிடம் போனை வாங்கி என்னிடம் நீட்டினார். "எடு. எனக்கு இங்கிலிஷ் காணாது. அவற்ற பிளேனில ஒரு பிழையும் இல்லையெண்டு சொல்லு. நான் அவரைப் பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கிறன் எண்டும் சொல்லு."

சொன்னேன். பொட்டையும் அதைத் துடைக்காத என் பிழையையும் சேர்த்தே சொன்னேன். பிறகு கிழவர் ஒரு கேள்விதான் கேட்டார்: அந்த அம்மாவோடு இப்போது யாராவது இருக்கிறார்களா? மகள் இருக்கிறாள் என்றேன். அவரைத் தனியே விடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிக்கிறன் யேசு. இண்டைக்கில்லை, எப்பவோ ஒரு நாளைக்கு. உன்னை மன்னிக்க நான் இருக்கிறன்." எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்தார். "என்னை மன்னிக்கவேண்டிய மனுசன்தான் இல்லை. நீ போயிட்டு வா."